லெய்கிளில் பொழிந்த கற்கள்: வானம் கல்லெறியும் என்பதைப் படித்தவர்கள் ஒப்புக்கொண்ட கதை

1803 ஏப்ரல் 26, பிற்பகல் ஒரு மணி. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் லெய்கிள் என்றொரு சிற்றூர். வானம் தெளிவாக இருந்தது. ஒரே ஒரு சின்ன மேகம், கிட்டத்தட்ட நீள்சதுரமாக, அசையாமல் நின்றது. அந்தத் திசையிலிருந்து பீரங்கி வெடித்தாற்போல மூன்று நான்கு முறை சத்தம். அடுத்துத் துப்பாக்கிகள் சடசடவென்று சுடுவதுபோல. பிறகு முரசு உருட்டுவதுபோல ஒரு நீண்ட உறுமல். ஐந்தாறு நிமிடம் இது நீடித்தது. சத்தம் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டது. கவணிலிருந்து விட்ட கல்லைப்போல விர்ரென்ற ஓசையோடு தோட்டத்திலும் வயலிலும் கூரையிலும் கற்கள் விழுந்தன. பின்னால் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 3000 என்று சொன்னார்கள்.

அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களிடம் போய் ‘வானத்திலிருந்து கல் விழுமா’ என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பாரிசில் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக.

இந்தக் கதையைப் பொதுவாக ஒரு நீதிக்கதை மாதிரிதான் சொல்வார்கள். படித்த மேதாவிகள் மூடர்கள், பாமரர்கள் சொன்னதே உண்மை, கடைசியில் மேதாவிகள் தலை குனிந்தார்கள் என்று. எனக்கு அந்த வடிவத்தில் நம்பிக்கை இல்லை. மேதாவிகளுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: கண்ணால் கண்டதாக ஒருவர் சொல்லும்போது, அந்தச் சொல்லை எப்படி எடைபோடுவது என்ற வழிமுறை. லெய்கிளில் நடந்தது அந்த வழிமுறையின் பிறப்பு என்பது என் கணிப்பு. அதைச் சொல்ல முப்பத்தைந்து ஆண்டு பின்னால் போக வேண்டும்.

லூசேயில் ஒரு மாடு கத்தியது

1768 செப்டம்பர் 13, மாலை நாலரை மணி. பிரான்சின் லூசே கிராமத்தில் அறுவடை வேலையில் இருந்தவர்களுக்கு முதலில் இடிபோல ஒரு சத்தம் கேட்டது. அடுத்து ஒரு நீண்ட ஒலி; மாடு கத்துவது போலிருந்தது என்றார்கள். அண்ணாந்து பார்த்தால் ஒரு கல் வளைந்து வந்து புல்வெளியில் விழுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. தொட முடியாத சூடு. எடை ஏழரை லிவ்ரு, இன்றைய கணக்கில் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

பஷெலே என்ற பாதிரியார் அதில் ஒரு துண்டைப் பாரிசின் அறிவியல் அகாடமிக்குக் கொடுத்தார். அகாடமி மூன்று பேர் குழு அமைத்தது: ஃபூஷெரூ, காதே, லவாய்சியர். எரிதலுக்கு ஆக்சிஜன்தான் காரணம் என்று பின்னால் நிறுவிய அதே லவாய்சியர். அப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்.

குழு கல்லை இடித்துப் பொடியாக்கிப் பகுத்துப் பார்த்தது. நூற்றுக்கு எட்டரைப் பங்கு கந்தகம், 36 பங்கு இரும்பு, மீதி 55.5 பங்கு உருகிக் கண்ணாடியாகக்கூடிய மண். முடிவு: இது கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் கலந்த ஒருவகை மணற்கல்; முன்பே அந்தப் புல்வெளியில் மேல்மண்ணுக்கு அடியில் கிடந்திருக்கிறது; அதன்மேல் இடி விழுந்திருக்கிறது. மேலே மெல்லிய கருப்புப் படலம் உருகிப் படிந்திருப்பதும், உள்ளே உருகாமல் இருப்பதும் நொடி நேரச் சூட்டைக் காட்டுகின்றன.

இதைப் படித்துச் சிரிக்க முடியாது. நொடி நேரச் சூடு என்ற கணிப்பு சரிதான். காற்று மண்டலத்துக்குள் பாயும்போது மேல்தோல் மட்டும் உருகுகிறது, உள்ளே குளிர்ந்தபடியே இருக்கிறது. குழு தடயத்தைச் சரியாகப் படித்துவிட்டுத் தவறான குற்றவாளியைப் பிடித்தது. மின்னல் என்பது மின்சாரமே என்று நிரூபணமாகி இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது. கையில் புது விளக்கம் கிடைத்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவது இயல்பு.

எனக்கு உறுத்துவது வேறு இடம். கூத்தான்ஸ் என்ற ஊரில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு கல்லும் அகாடமிக்கு வந்திருந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் குழு கவனித்தது. எழுதியும் வைத்தது. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு, இடி பைரைட் உள்ள கற்களின்மேல் விருப்பத்தோடு விழுகிறது போலும் என்பது. வெகுதொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களில், ஒன்றையொன்று அறியாத மனிதர்கள், ஒரே மாதிரிக் கல்லை ‘மேலிருந்து விழுந்தது’ என்று சொல்லித் தருகிறார்கள். கல்லை அவ்வளவு கவனமாக விசாரித்த குழு, அந்த அறுவடைக்காரர்களில் ஒருவரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

அந்தக் காலத்து மனநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆபத்து, இடி என்றால் கடவுளின் கோபம் என்று நம்பிய மக்களை அதிலிருந்து மீட்பதே தங்கள் கடமை என்று அறிஞர்கள் நினைத்தார்கள். வானத்திலிருந்து கல் என்பதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அல்சாஸ் பகுதியின் என்சிஷைம் ஊரில் 1492 நவம்பர் 7 அன்று விழுந்த பெரிய கல்லை, பின்னாளில் பேரரசரான மேக்சிமிலியன் தெய்வ அறிகுறி என்று சொல்லித் தேவாலயத்தில் வைக்கச் செய்திருந்தார். அப்படிப்பட்ட கதைகளோடு வரும் கல்லை ஆய்வுக்கூடத்தில் ஏற்பது அறிஞர்களுக்கு மானப் பிரச்சினை. இன்னொரு தடையும் உண்டு. நியூட்டனுக்குப் பின் கோள்களுக்கு இடையே உள்ள வெளி வெறுமையானது என்பதே பொதுக்கருத்து. அங்கே கற்கள் திரிந்தால் கோள்களின் ஒழுங்கான ஓட்டம் என்னாவது?

1790 ஜூலை 24 இரவு தெற்கு பிரான்சின் பார்போத்தான் வட்டாரத்தில் தீக்கோளம் வெடித்துக் கற்கள் கொட்டின. முந்நூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை உள்ளூர் நகராட்சி அனுப்பியது. பெர்தொலோன் என்ற அறிவியல் இதழாசிரியர் அதை வெளியிட்டார், ஆனால் கட்டுக்கதைக்கு ஒரு நகராட்சியே சான்றளிப்பது பரிதாபம் என்ற குறிப்போடு. முந்நூறு கையெழுத்துகள் அவருக்கு முந்நூறு மடங்கு அறியாமையாகத் தெரிந்தன.

வழக்கறிஞர் படிப்புப் படித்த ஒலி வல்லுநர்

எர்ன்ஸ்ட் க்ளாட்னி, ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் 1756இல் பிறந்தவர். அப்பா வற்புறுத்தியதால் சட்டம் படித்தார். அப்பா இறந்ததும் ஒலியியலுக்குத் தாவினார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, ஓரத்தில் வில்லால் இழுத்து, அதிர்வுக்கேற்ப மணல் கோலம் போடுவதை ஊர் ஊராகக் காட்டிப் பிழைத்தவர். இயற்பியல் ஆய்வகங்களில் அந்தக் கோலங்கள் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகின்றன.

1793இல் கோட்டிங்கன் போனபோது லிச்டென்பெர்க் என்ற இயற்பியலாளரோடு தீக்கோளங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பேச்சு கிளப்பிய ஆர்வத்தில் மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்து, நூற்றாண்டுகளாக எழுதிவைக்கப்பட்ட தீக்கோள விவரங்களையும் கல் விழுந்த விவரங்களையும் தேடித் தொகுத்தார். சட்டப் படிப்பு உதவியது இங்கேதான். வெவ்வேறு நாடு, வெவ்வேறு காலம், ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள். ஆனாலும் ஒளி, சத்தம், கல், கருப்புத் தோல் என்று விவரங்கள் ஒத்துப்போகின்றன. இவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத் தனித்தனியாகச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

1794 வசந்தத்தில் சிறு நூலாக அதை வெளியிட்டார். சைபீரியாவில் கிராஸ்நோயார்ஸ்க் அருகே மலைமேல் கிடந்த, சுமார் 700 கிலோ எடையுள்ள இரும்புப் பாறை ஒன்றை பல்லாஸ் என்ற பயணி 1772இல் பார்த்துப் பதிவு செய்திருந்தார். அங்கே எரிமலையும் இல்லை, அப்படியொரு பொருளை உருக்கும் உலையும் இல்லை. அந்த வட்டாரத்துத் தாத்தாரியர் அதை வானிலிருந்து வந்த புனிதப் பொருளாக வைத்திருந்தார்கள். தாத்தாரியர் சொன்னதே சரி என்றார் க்ளாட்னி. தீக்கோளங்களின் வேகமும் அவை தொடங்கும் உயரமும் மின்னலுக்கோ மேகத்துக்கோ பொருந்தாதவை. ஆகவே அவை விண்வெளியில் திரியும் பொருள்கள்; பூமிக்கு வந்து சேர்வதே அந்தக் கற்களும் இரும்புகளும்.

முழுக்கச் சரியான விடை. ஆனால் அந்த ஆண்டு மே 8 அன்று லவாய்சியர் கில்லட்டினில் தலையிழந்தார். பிரான்சில் யாருக்கும் ஜெர்மன் நூல் படிக்கும் மனநிலை இல்லை. ஜெர்மனியிலும் பலர் ஏளனம் செய்தார்கள். கல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமல், பழைய ஏடுகளைப் புரட்டியே ஒருவர் பிரபஞ்சத்தை மாற்றி எழுதிவிட முடியுமா?

நூல் வந்த சில வாரங்களில் கற்களே வாதத்துக்கு வந்ததுபோல நிகழ்வுகள் வரிசைகட்டின. ஜூன் 16 அன்று இத்தாலியின் சியனாவில் கல்மழை. ஆனால் அதற்குப் பதினெட்டு மணி நேரம் முன்புதான் வெசுவியஸ் எரிமலை வெடித்திருந்தது. பிறகென்ன, பழி அதன்மேல். முந்நூறு கிலோமீட்டர் தாண்டிக் கல் பறந்து வந்ததா என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1795 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயரில், வோல்ட் காட்டேஜ் என்ற பண்ணையில் 25 கிலோ கல் ஒன்று விழுந்தது. எரிமலையே இல்லாத நாடு. நிலத்தின் சொந்தக்காரர் டோபம் முன்னாள் பத்திரிகைக்காரர், நீதிபதியும்கூட. கல் விழுந்தபோது அருகில் இருந்த வேலையாட்களிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலம் வாங்கினார். கையோடு கல்லை லண்டன் பிக்கடில்லியில் கட்டணம் வாங்கிக் காட்சிக்கும் வைத்தார். பத்திரிகைக்காரர் புத்தி!

அடுத்தது நம் பக்கம். 1798 டிசம்பர் 19, இரவு எட்டு மணி. காசிக்கு அருகே கிராக்கூட் கிராமம். ஒரு வாரமாக மேகத்தின் சுவடே இல்லாத வானத்தில் பெரும் ஒளி, இடிமுழக்கம், கற்கள். ஒன்று காவல்காரர் குடிசைக் கூரையைப் பொத்துக்கொண்டு தரைக்குள் இறங்கியது. காசியிலிருந்த ஆங்கிலேயர் ஒருவர் ஊர்க்காரர்களை விசாரித்து எழுதிய விவரமும், கல் துண்டுகளும் லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்ஸிடம் போய்ச் சேர்ந்தன. வோல்ட் காட்டேஜ் கல்லும் சியனா கல்லும் அவர் கையில் ஏற்கெனவே இருந்தன. மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருந்தன.

பேங்ஸ் அவற்றை எட்வர்ட் ஹோவர்ட் என்ற இளம் வேதியியலாளரிடம் கொடுத்தார். ஹோவர்டோடு சேர்ந்து வேலை செய்தவர் கனிமவியலாளர் பூர்னோன். புரட்சிக்குப் பயந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த பிரெஞ்சுப் பிரபு. லவாய்சியர் குழு கல்லை மொத்தமாக இடித்துப் பொடியாக்கியது என்றேன் அல்லவா? பூர்னோன் அப்படிச் செய்யவில்லை. பூதக்கண்ணாடியும் பொறுமையுமாக உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலக் கல்லைப் பிரித்தார். இரும்பு மணிகள் தனி, பைரைட் தனி, மண் போன்ற பொருள் தனி, இவற்றோடு இதுவரை யாரும் எந்தப் பாறையிலும் பார்த்திராத உருண்டைக் குருணைகள் தனி. ஹோவர்ட் அந்த இரும்பு மணிகளை மட்டும் பகுத்தபோது நிக்கல் வந்தது. காசிக் கல்லில் நிக்கல், யார்க்ஷயர் கல்லில் நிக்கல், சியனா கல்லில் நிக்கல், பொஹீமியாவிலிருந்து வந்த பழைய கல்லிலும் நிக்கல். சைபீரிய இரும்பிலும் அதுவே. நிலத்தில் கிடைக்கும் இரும்புத் தாதுவில் இப்படி இல்லை.

1802இல் இந்த முடிவு ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், வழக்கில் பாதி அன்றே முடிந்துவிட்டது. காசிக் கிராமத்தாரும் யார்க்ஷயர்ப் பண்ணையாட்களும் கூடிப் பேசி நிக்கலைக் கலந்திருக்க முடியாதே. பிரான்சில் வோக்லான் போன்ற வேதியியலாளர்கள் அதை உறுதிசெய்தார்கள். ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. மேலே இருந்து வந்தது என்பதற்கு இன்னமும் ஊரார் சொல்தானே சாட்சி?

பியோ நேராக லெய்கிளுக்குப் போகவில்லை

இந்த நிலையில்தான் லெய்கிள் நடந்தது. கற்கள் சீக்கிரமே பாரிசில் விலைக்கே வந்துவிட்டன. பேச்சு கிளம்பியது. உள்துறை அமைச்சர் ஷப்தால், தானே வேதியியலாளர். அவர் ழான் பாப்தீஸ்த் பியோ என்ற இயற்பியலாளரை விசாரணைக்கு அனுப்பினார். பியோவுக்கு 29 வயது. ஜூன் 26 அன்று புறப்பட்டார். அதாவது சம்பவம் நடந்து சரியாக இரண்டு மாதம் கழித்து. சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசிப்பேசிக் கதை உருண்டு திரண்டிருக்கும் காலம்.

அவர் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்தது. லெய்கிளுக்கு நேராகப் போகாமல், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த அலான்சோனுக்குப் போனார். நிகழ்விடத்திலிருந்து தூரத்தில் இருப்பவர்கள் என்ன பார்த்தார்கள், எந்தத் திசையில் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு என்று வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே நெருங்கினார். கான், ஃபலேஸ், வெர்னேய் என்று சுற்றியிருந்த ஊர்களிலெல்லாம் தீக்கோளத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கல் விழுந்த சேதியே அறியாதவர்கள் சொல்லும் ஒளியும், கல் விழுந்த ஊரார் சொல்லும் சத்தமும் ஒரே நேரத்தில் பொருந்தினால்? ஊருக்குள் நேராகப் போயிருந்தால் இந்த வாய்ப்பு கைநழுவியிருக்கும்.

ஊருக்குள் வந்ததும் இரண்டு வகைச் சான்றுகளைத் தேடினார். பொருள் சார்ந்தவை, மனிதர் சார்ந்தவை என்று அவரே பிரித்து எழுதுகிறார்.

லெய்கிள் வட்டாரம் ஊசிக்கும் கம்பிக்கும் பெயர்பெற்றது. சுற்றிலும் இரும்பு உலைகள். ஆகவே ‘உலைக் கசடாக இருக்கும்’ என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமுண்டு. பியோ உலைகளையும் பட்டறைகளையும் சுற்றிப் பார்த்து, கசடுகளைக் கல்லோடு ஒப்பிட்டார். ஒத்துப்போகவில்லை. அந்த வட்டாரத்தில் கனிமம் சேகரித்து வைத்திருந்தவர்களின் பெட்டிகளைப் பார்த்தார். ஏப்ரல் 26க்கு முன் இந்த மாதிரிக் கல் ஒன்றுகூட இல்லை. எரிமலைச் சுவடும் இல்லை. அந்த நாளுக்கு முன் யார் கையிலும் இல்லாத கல், அந்த நாளுக்குப் பின் ஆயிரக்கணக்கில்.

அடுத்து மனிதர்கள். ஏறக்குறைய 20 குக்கிராமங்கள். பாதிரியார், உழவர், தொழிலாளி, பெண்கள், சிறுவர் என்று தகுதியும் தொழிலும் வெவ்வேறு. ஒருவருக்கொருவர் தொடர்பு குறைவு. சொல்வதில் ஆதாயமும் இல்லை. அவர்கள் எந்தத் தப்பும் செய்யமாட்டார்கள் என்று பியோ வாதிடவில்லை. இத்தனை வகையினர் ஒரே தப்பை ஒரே திசையில் செய்ய வழியில்லை என்றார். க்ளாட்னி நூலகத்தில் செய்ததை பியோ சேற்றில் நடந்து செய்தார்.

வழக்கை முடித்தது அவர் வரைந்த வரைபடம். ஒவ்வொரு கல்லும் எங்கே விழுந்தது என்று குறித்துக்கொண்டே போனால், ஒழுங்கான ஒரு நீள்வட்டம் உருவானது. நீளம் இரண்டரை லீக், அகலம் ஏறக்குறைய ஒரு லீக். கிலோமீட்டரில் பத்துக்கு நான்கு. அதிலும் பெரிய கற்கள் ஒரு முனையில், சிறியவை மறுமுனையில், நடுத்தரம் நடுவில். மிகப் பெரியது பதினேழரை லிவ்ரு, சுமார் எட்டரைக் கிலோ. சாய்வாகப் பாய்ந்து வந்த ஒரு பொருள் நடுவானில் சிதறினால் தரையில் இப்படித்தான் பரவும். தன் வீட்டு முற்றத்தில் விழுந்த கல்லை மட்டும் அறிந்த உழவருக்கு அந்த நீள்வட்டம் தெரியாது. அடுத்த ஊர்க்காரருக்கும் தெரியாது. எல்லோருடைய சொல்லையும் காகிதத்தில் வைத்தபோது, எவரும் சொல்லாத ஒன்று வெளிப்பட்டது. கூட்டுச் சதிக்கும் கூட்டு மயக்கத்திற்கும் வடிவியல் தெரியாதல்லவா?

ஜூலை 17 அன்று பாரிஸ் இன்ஸ்டிட்யூட்டில் அறிக்கை வாசிக்கப்பட்டது. புரட்சியில் கலைக்கப்பட்ட பழைய அகாடமியின் இடத்துக்கு வந்த அமைப்பு அது. அறிவியல் அறிக்கை என்பதைவிட நல்லதொரு பயண எழுத்துபோல இருந்ததால் வெளியாரும் ஆர்வத்தோடு படித்தார்கள். அதன்பின் பிரான்சில் கல் விழுவதை மறுத்துப் பேசியவர்கள் அருகிப்போனார்கள்.

இந்த இடத்தில் வேலூர் மாவட்ட நிகழ்வு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று அங்கே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததாக மறுநாளே அரசு அறிவித்துவிட்டது. படங்களைப் பார்த்த நாசா வல்லுநர்கள், தரையில் நிகழ்ந்த வெடிப்புபோலத்தான் தெரிகிறது என்றார்கள். 1769இல் பாரிஸ் குழு ‘இருக்கவே முடியாது’ என்று அவசரப்பட்டது. இங்கே ‘அதுதான்’ என்று அவசரப்பட்டார்கள். அலான்சோன் வழியாகச் சுற்றிப்போகும் பொறுமை இரண்டு இடத்திலும் இல்லை.

விழுகிறது, சரி, எங்கிருந்து?

ஒரு விஷயத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. பியோவின் அறிக்கை கற்கள் விழுந்தன என்பதைத்தான் நிறுவியது. விண்வெளியிலிருந்து வந்தன என்பதை அல்ல. அப்போது பாரிசில் செல்வாக்கோடு இருந்த கருத்து, நிலவின் எரிமலைகள் கக்கிய கற்கள் இவை என்பது. அந்தக் கருத்தை எடுத்துவைத்தவர் சாதாரண ஆளல்ல, பெரும் கணித, வானியல் அறிஞர் லாப்லாஸ். நிலவின் ஈர்ப்பு குறைவு, அங்கே காற்றும் இல்லை. போதிய வேகத்தில் வீசப்பட்ட கல் பூமியின் பிடிக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தது. எல்லாக் கற்களிலும் ஒரே சேர்மானம் இருப்பதற்கும் அது காரணம் சொன்னது, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று. பியோவும் அந்தப் பக்கம் சாய்ந்தார். வேறு சிலர் காற்று மண்டலத்திலேயே ஆவிகள் உறைந்து கல்லாகின்றன என்றார்கள்.

விண்வெளி வெறுமையானது என்ற தடை மட்டும் தளர்ந்துகொண்டிருந்தது. 1801 ஜனவரி 1 அன்று செரஸ் என்ற சிறு வான்பொருளும், மறு ஆண்டு பல்லாஸ் (முன்பு சொன்ன பயணி அல்ல) என்ற இன்னொன்றும் கண்டுபிடிக்கப்பட்டன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறு பொருள்கள் சுற்றுகின்றன என்று தெரிந்துவிட்டால், அதைவிடச் சிறியவை ஏன் இருக்கக்கூடாது? நிலவுக் கருத்து ஓய இருந்தும் பல பத்தாண்டுகள் ஆயின. வேடிக்கை என்னவென்றால், லாப்லாஸ் முழுக்கத் தோற்கவும் இல்லை. 1982இல் அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒரு கல், அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த கற்களோடு ஒத்துப்போய், நிலவிலிருந்து வந்தது என்று உறுதியானது. எரிமலை கக்கியதல்ல, மோதலில் தெறித்தது.

க்ளாட்னி தன் கருத்து வெல்வதைப் பார்க்கும் அளவு வாழ்ந்தார். நிரந்தர வேலை ஒன்றும் அமையவில்லை. கோலம் போடும் தகட்டையும் தான் செய்த இசைக்கருவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கிடைத்த காசில் விண்கற்கள் சேர்த்தார். ஏளனத்துக்கு அஞ்சிச் சில காட்சிச்சாலைகள் தங்களிடமிருந்த கற்களைத் தூக்கி எறிந்துவிட்டதாக வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1827இல் அவர் இறந்தபோது அந்தத் தொகுப்பு பெர்லின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

‘எங்கிருந்து’ என்ற கேள்விக்குச் சாட்சி கிடைக்க 1959 வரை ஆனது. ஏப்ரல் 7 அன்று இரவு செக்கோஸ்லோவாக்கியாவின் பிரிப்ராம் ஊருக்கு மேல் ஒரு தீக்கோளம் பாய்ந்தது. ஓந்த்ரேயோவ் வானியல் ஆய்வகத்தார் வானத்தைப் படம்பிடிக்கத் தொலைவில் பிரித்து வைத்திருந்த கேமராக்கள் அதை ஒரே நேரத்தில் வெவ்வேறு கோணங்களில் பதிவு செய்தன. கோணங்களை வைத்துப் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். சுற்றுப்பாதையின் தொலைமுனை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே போய் நின்றது. பாதையை முன்னோக்கிக் கணக்கிட்டுக் கீழே வயல்களில் தேடினார்கள். நான்கு கற்கள் கிடைத்தன.